கஜபதியின் தலையும் அரக்கோணத்துக் கார்டும்

உயிர் போனாலும் தலைமுடி போகாது என்று கஜபதி தீர்மானம் நிறைவேற்றி எட்டு வருடம் ஆகிவிட்டது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவர். வழிமொழிந்தவரும் அவர். எதிர்த்து வாக்களித்தவள் ஒருத்திதான். அவளோடுதான் அவர் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். தொண்ணூற்றெட்டில் ஆர்.கே.பேட்டை விசைத்தறித் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தினார்கள். சங்கத்தின் செயலாளர் கஜபதி. போலீஸ் வந்தது. அவரை அந்த அடர்ந்த முடியைப் பிடித்துத்தான் தெரு நெடுக இழுத்துப் போனார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில், ஒரு கை கட்டிலோடு விலங்கு மாட்டிய நிலையில், நினைவில்லாமல் கிடந்தார். டாக்டர் கையை விரித்துவிட்டார். கால்மாட்டில் நின்ற மனைவி ரத்தினம்மாள் திருத்தணி இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டு, இவரைக் கொடுத்துவிடு, இவர் தலைமுடியை உனக்குத் தருகிறேன் என்று முருகனிடம் பேசி முடித்துவிட்டாள்.

கஜபதி கண் விழித்தார். பக்கத்துக் கட்டிலில் கிடந்த தோழர் சந்திரமோகன் விழிக்கவில்லை. வேலைநிறுத்தம் முறிந்தது. முறித்துக் கொடுத்தவர்கள் பிறகு வெள்ளை வண்டியில் வந்தார்கள். அடிபட்டவர்கள் டவுன் பஸ்ஸில் வந்தார்கள். கஜபதிக்குத் தறி ஓட்ட எங்கேயும் வேலை இல்லை என்று ஆனது. மிஞ்சியது முடி ஒன்றுதான். நரைத்தாலும் அடர்த்தி குறையாமல், பின்னோக்கி வாரிவிட்ட முடி. போலீஸ் இழுத்தும் வராத முடியை ஒரு கற்சிலைக்குக் கொடுப்பதாவது?

"என்னைக் கேக்காம என் தலையை அடமானம் வெக்க நீ யாரு?" என்பார்.

"அடமானம் வெச்சதாலதான்யா தலையே கீது," என்பாள்.

எட்டு வருடமாக இந்தப் பேச்சுவார்த்தை இந்த இடத்திலேயே முறிந்துகொண்டிருந்தது.

குடும்பத்துக்குச் சோறு போட்டது ரத்தினம்மாளின் கடை. திருத்தணி மலைப்படி அடிவாரத்தில், 'வள்ளி டிஜிட்டல்' என்று பெயர். 'உழைப்போர் கணினி நிலையம்' என்று வைக்கச் சொல்லி கஜபதி போராடித் தோற்றிருந்தார். மலையில் மொட்டை போட்டு, காது குத்தி, சந்தனம் அப்பிய தலையோடு இறங்கி வரும் குழந்தையை அவள் போட்டோ எடுப்பாள், வீடியோ எடுப்பாள். கம்ப்யூட்டரில் குழந்தைக்குப் பின்னால் ஒரு பொன் வேல் சுழன்று சுழன்று வரும்படி செய்து சிடியில் போட்டுத் தருவாள். அந்தச் சுழலும் வேலுக்காகச் சித்தூரிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். இதை மூட நம்பிக்கையின் நவீன வடிவம் என்று கஜபதி சொல்வார். சொல்லிவிட்டு, சிடிக்கு உறை மடித்துக் கொடுப்பார்.

இந்த வருடம் ஆடிக் கிருத்திகை நெருங்கும்போது ரத்தினம்மாளுக்கு வயிற்றில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தது. கர்ப்பப்பையை எடுக்க வேண்டும். எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் அது நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று சொல்ல முடியும். சென்னைப் பெரியாஸ்பத்திரியில் கிருத்திகை கழிந்ததும் வரச் சொல்லியிருந்தார்கள்.

அவள் அழவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எனக்குக் கத்தி போடறதுக்கு முன்னாடி அந்தக் கடனைத் தீர்த்துடுய்யா."

"ரத்தம் வோணுமா? தரேன். கிட்னி வோணும்னாலும் ஒண்ணு எடுத்துக்கோ."

"டாக்டரு கேட்டா அதெல்லாம் குடு. நான் முடியக் கேக்கறேன்."

"அது கொள்கைம்மே."

"கொள்கையா? வாராவாரம் சீயக்கா போட்டு நான்தான் தேய்ச்சி விடறேன்."

அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். போனவர் வாசலில் நின்று நெடுநேரம் ரயில்பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். பயம் அவருக்கும் இருந்தது. ஆனால் பயத்தைக் காட்டுவது துண்டறிக்கையில் இல்லாத பழக்கம்.

அடுத்த நாள் கம்ப்யூட்டர் படுத்தது. திரையில் ஒரு மொட்டைக் குழந்தை பாதி சிரித்துக்கொண்டிருக்கும்போது கறுப்பாகிவிட்டது. கஜபதி பெட்டியைத் திறந்தார். கடையின் தொழில்நுட்பப் பிரிவு தன்னுடையது என்பது அவர் அறிவிப்பு.

"கிராஃபிக்ஸ் கார்டு பூட்டுச்சி," என்றார். படத்தைத் திரைக்கு அனுப்பும் அட்டை அது. அது போனால் வேல் சுழலாது. வேல் சுழலாவிட்டால் கிருத்திகைக் கூட்டத்தில் ஒரு காசு பார்க்க முடியாது. புதிது வாங்கினால் ஆஸ்பத்திரிக்கு எடுத்து வைத்தது கரைந்துவிடும். ஆகவே பழைய கார்டு ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று. வாங்கப் போவது தான்தான் என்று கஜபதி முடிவு செய்தார்.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இரண்டு நாள் படித்தார். படித்ததைக் கடை வாசலில், பக்கத்துத் தேங்காய் கற்பூரக் கடை சடகோபனை உட்கார வைத்துப் பிரசங்கம் செய்தார். ரத்தினம்மாள் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சடகோபா, பழைய கார்டு விக்கறவன்ல பாதிப் பேரு போலி. மலிவான சரக்கை வாங்கி, மேல பெரிய கார்டோட ஸ்டிக்கரை ஒட்டிடுவான். உள்ளயும் கை வெச்சி, பெரிய கார்டு மாதிரியே பேரு சொல்ல வெச்சிடுவான். கம்ப்யூட்டரே நம்பிடும்."

"நம்ம தொகுதி ஆளு மாதிரி. கொடி மாறும், ஆளு அதே ஆளு."

"அதேதான். அத்தொட்டு இன்னா பண்ணணும்? ஸ்டிக்கரை நம்பாதே. விசிறியைக் கழட்டி, அடியில சிப்பு மேல பொறிச்சிருக்கற பேரைப் படி. மெமரி சிப்பு குந்தற எடம் காலியா கீதான்னு பாரு. எல்லாத்துக்கும் மேல, கண்ணெதிர்ல ஓட விட்டுப் பார்த்துட்டு அப்புறமா காசைக் குடு. இந்த மூணையும் பார்த்தா எவனும் ஏமாத்த முடியாது."

உள்ளே இருந்து ரத்தினம்மாள் கேட்டாள்.

"எங்க வாங்கப் போறே?"

"எங்க வாங்கினா இன்னா?"

"மெட்ராஸுக்கே போ. அரக்கோணத்துல ராஜமாணிக்கம்னு ஒருத்தன் பழைய கம்ப்யூட்டர் விக்கறானாம். அங்க மட்டும் போவாதே."

"ஏன்?"

"அவங்க நைனா ஸ்ட்ரைக்குல அடிபட்டு வேலை போனவராம். அந்த மாதிரிக் குடும்பத்துப் பழக்கமே வோணாம்."

கஜபதியின் முகம் சிவந்தது. எந்தத் தீர்மானத்துக்கும் எதிர்த் தீர்மானம் கொண்டுவராமல் அவர் ஒரு கூட்டத்திலும் எழுந்து போனதில்லை. இதிலோ வர்க்கமே அவமானப்பட்டிருந்தது.

"ஸ்ட்ரைக் பண்ணவன் புள்ளைன்னா திருடனா? அரக்கோணத்துலதான் வாங்குவேன்."

"நீ ஏமாந்துட்டேன்னா?"

"நானா?"

"பொருளாளரு சங்கத்துப் பணத்தை எடுத்துகினு ஓடனப்போ ஊரே சிரிச்சிது. நீ ஒருத்தன்தான், அவரு மாநாட்டுக்குப் போய்கினு கீறாருன்னே."

சடகோபன் தேங்காயை வேறு பக்கம் திருப்பி வைத்தார். சிரிப்பை மறைக்க அவருக்குத் தெரிந்த வழி அது.

கஜபதி எழுந்தார். மேடையில் நிற்பதுபோல் ஒரு காலை முன்னே வைத்தார்.

"இதோ தெருவுல நின்னு சொல்றேன். நான் வாங்கினு வர்ற கார்டு போலின்னு ஆச்சின்னா, நானே உன் மலையேறி, உன் முருகன் எதிர்ல இந்தத் தலையை மொட்டை அடிச்சிக்கறேன். போதுமா?"

ரத்தினம்மாள் அவரைப் பார்க்கவில்லை. சடகோபனைப் பார்த்தாள்.

"கேட்டுகினியாண்ணா?"

"ஆங். நல்லாவே கேட்டுச்சி."

அரக்கோணத்தில், ஸ்டேஷனைத் தாண்டி ஒரு மாடியில் இருந்தது அந்தக் கடை. பிரித்துப் போட்ட கம்ப்யூட்டர்களின் நடுவே மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன் எழுந்து கும்பிட்டான்.

கஜபதி உட்காராமலே கேட்டார். "கார்டு கீதா?"

"கீது அண்ணே." அட்டைப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தான். ஸ்டிக்கர் பளபளத்தது.

"விசிறியைக் கழட்டு. அடியில பார்க்கணும்."

"தாராளமா பாருங்க அண்ணே." அவன் திருப்புளியை எடுத்தான். எடுத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டான். "இந்தக் காலத்துல யாரும் யாரையும் நம்பறது இல்ல. எங்க நைனா மட்டும் இன்னிக்கும் சொல்வாரு. மொதலாளிக்குக் கணக்கைக் காட்டு, தொழிலாளிக்கு மனசைக் காட்டுன்னு."

"உங்க நைனா?"

"மில்லு ஸ்ட்ரைக்குல போனவரு. அவருக்குக் கால்ல கோளாறு அண்ணே. நொண்டிகினுதான் நடப்பாரு."

 கஜபதிக்குள் சந்திரமோகன் ஒருமுறை கட்டிலில் புரண்டு படுத்தார். கஜபதி கையை நீட்டித் திருப்புளியைப் பிடித்தார்.

"வோணாம். வெச்சிடு தம்பி."

"இல்ல அண்ணே. கழட்டிடறேன்."

"வெச்சிடுன்னு சொல்றேன்ல?"

"அப்போ ஓட விட்டாச்சும் காட்டறேன். உங்க கண்ணால பார்த்துட்டுக் காசு குடுங்க."

"தம்பி, என்னை அவமானப்படுத்தாதே. அடிபட்டவன் புள்ளை கிட்ட அத்தாட்சி கேட்டேன்னா நான் இத்தனை வருசம் தூக்கின கொடிக்கு இன்னா மரியாதை?"

பேரம் பேசவில்லை. கேட்டதைக் கொடுத்தார். படியிறங்கும்போது, உங்க நைனாவுக்கு என் வணக்கத்தைச் சொல் என்றார். அந்தப் பையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். உணர்ச்சிவசப்பட்டுவிட்டான் என்று கஜபதி நினைத்தார்.

கார்டு பெட்டிக்குள் உட்கார்ந்தது. திரை விழித்தது. பெரிய கார்டின் பெயர், பெரிய மெமரி, எல்லாம் சரியாக வந்தது. கஜபதி வாசலுக்கு வந்து தலையைப் பின்னோக்கிக் கோதினார். தெரு முழுக்கப் பார்க்கும்படி இரண்டு முறை கோதினார்.

"தாவல," என்றாள் ரத்தினம்மாள். "வேலைச் சுத்த வுடு."

வேல் எழுந்தது. பொன்னாக மின்னியது. கால் சுற்று சுற்றியது. அரைச் சுற்று சுற்றியது. நின்றது. திரை முழுக்கப் பச்சைக் கோடுகள் விழுந்தன. குழந்தையின் மொட்டைத் தலை நான்காகப் பிளந்து நான்கு மூலையிலும் சிரித்தது.

"டிரைவர் பிராப்ளம்," என்றார் கஜபதி.

"யாரு டிரைவரு?"

"அது ஒரு சாஃப்ட்வேரும்மே. உனக்குப் புரியாது."

அணைத்துப் போட்டார். மறுபடி அரைச் சுற்று. மறுபடி பச்சை. மூன்றாம் தடவை வேலே வரவில்லை.

ரத்தினம்மாள் திருப்புளியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.  அவர் விசிறியைக் கழற்றினார். அடியில் சிப்பின்மேல் பொறித்திருந்த பெயர் வேறு. எந்தக் காலத்துச் சரக்கோ. மெமரி சிப்பு உட்கார வேண்டிய இடத்தில் பாதி வெறும் பொட்டல். எட்டிப் பார்த்த சடகோபன் சொன்னார்:

"மேல பேரு மாநாடு. உள்ள பார்த்தா பாதி நாற்காலி காலி."

விடிந்ததும் கஜபதி அரக்கோணத்துக்கு ரயில் ஏறினார். மாடிக் கடைக்கு ஷட்டர் இறக்கியிருந்தது. அவர் அசரவில்லை. துண்டை விரித்துப் படியில் உட்கார்ந்து தர்ணா தொடங்கினார். போலி வியாபாரம் ஒழிக என்று கோஷம் போட்டார். ஒழிக என்று பதில் சொல்ல ஆள் இல்லாததால் அதையும் அவரே சொன்னார். வெயில் ஏறியது. தொண்டை கட்டியது. எட்டு வருடத்துக்கு முன் இதே குரலுக்கு நானூறு தறி நின்றது. இப்போது ஒரு சைக்கிள்கூட நிற்கவில்லை. மத்தியானம் ஒரு கிழவி நின்றாள். அவரை உற்றுப் பார்த்தாள். துண்டின்மேல் ஒரு ரூபாய் வைத்துவிட்டுப் போனாள்.

அவர் தர்ணாவை வாபஸ் வாங்கினார்.

திருத்தணியில் இறங்கி நடந்தபோது ஒரே ஒரு யோசனை வந்தது. சொன்னதை இல்லையென்று சொல்லிவிடலாம். சொன்னதை மாற்றியவர்களுக்கு இந்த நாட்டில் என்ன குறைந்துவிட்டது? மாலை விழுந்தது, கார் வந்தது. ஆனால் அப்படி மாற்றிப் பேசியவர்கள் பெயரை எல்லாம் அச்சடித்துத் தெருத்தெருவாக விநியோகித்தவர் அவர். அந்தக் கும்பலில் கடைசி ஆளாகப் போய்ச் சேர அவரால் முடியவில்லை. அவர் வாழ்க்கையில் மிஞ்சியது முடி மட்டுமல்ல, சொல்லும்தான். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று ஆகிவிட்டது.

கடை வாசலில் சடகோபன் எழுந்தார். தட்டில் தேங்காய், பழம், கற்பூரம் வைத்து நீட்டினார்.

"காசு?" என்றார் கஜபதி.

"வோணாம் தோழர். இதைப் பார்க்கறதுக்கு நான்தான் உனக்குக் குடுக்கணும்."

ரத்தினம்மாளும் கூடவே படியேறினாள். மலைமேல் மொட்டை போடும் மண்டபத்தில் கங்காதரன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் கஜபதியின் கூட்டங்களுக்குத் தவறாமல் வந்தவர். ஏறிட்டுப் பார்த்ததும் கத்தி கையில் அப்படியே நின்றது.

"தோழர், வழி தப்பி வந்துட்டீங்களா?"

"தண்ணியைத் தெளி."

"மெய்யாலுமா?"

"பேச்சுவார்த்தை முடிஞ்சிபோச்சி கங்காதரா. தெளி."

தண்ணீர் விழுந்தது. கத்தி நெற்றியிலிருந்து பின்னால் போனது. வெள்ளை முடி கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. உச்சியைத் தாண்டியதும் கங்காதரன் நிறுத்தினார். அங்கே விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. தையல் போட்ட தடம் பூரான் போல் படுத்திருந்தது. எட்டு வருடமாக முடிக்கு அடியில் இருந்தது. கஜபதி அதைப் பார்த்ததே இல்லை. ரத்தினம்மாள் மட்டும் வாராவாரம் விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவள் சந்தனத்தைக் குழைத்து அந்த இடத்தில் முதலில் வைத்தாள். 

சந்நிதியில் அவள் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. "வாங்கிக்கோ. உனக்கும் எனக்கும் பாக்கி இல்ல."

வெளியே வந்ததும் கேட்டார். "ஆபரேஷனைப் பத்தி ஒண்ணும் கேக்கலியா?"

"பழைய பாக்கி தீராம புது கோரிக்கை வெக்கறது நாயமாய்யா? இப்போதான் தீர்ந்துது. நாளைக்கு வந்து கேட்டுக்கறேன்."

அதில் ஒரு தவறும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் அவர் பேசியதும் அதுதான். படியிறங்கினார். காற்று தலையில் நேராக மோதியது. கண் கரித்தது. சந்தனம் வழிந்திருக்கும் என்று துண்டால் துடைத்துக்கொண்டார்.

அவள் முன்னால் போய்விட்டாள். அவர் கடைக்குள் நுழைந்தபோது திரை எரிந்துகொண்டிருந்தது. திரையில் ஒரு கிழட்டு மொட்டை. கோபமான முகம். அவர் முகம்தான். மண்டப வாசலில் வைத்து அவருக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறாள். அந்த மொட்டைக்குப் பின்னால் பொன் வேல் எழுந்தது. கால் சுற்று. அரைச் சுற்று. முக்கால். முழுச் சுற்று சுற்றி, நிற்காமல், இரண்டாம் சுற்றுக்குப் போனது. ஒரு பச்சைக் கோடு இல்லை.

கஜபதி குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். உள்ளே வேறு கார்டு இருந்தது.

"இது யாரு குடுத்தது?"

"அரக்கோணத்து ராஜமாணிக்கம். நீ குடுத்த காசு இதுக்குத்தான். நீ தூக்கினு வந்தது சும்மா, குப்பையில கெடந்தது."

"அவன் உனக்கு இன்னா ஒறவு?"

"எங்க சின்னம்மா பேரன். அவன் கல்யாணத்துக்குத்தானே உன்னை அவ்ளோ கெஞ்சிக் கூப்பிட்டேன்? ஐயரு வெச்சிப் பண்றாங்கன்னு பகிஷ்கரிச்சிட்டே. வந்திருந்தேன்னா மூஞ்சியாச்சும் தெரிஞ்சிருக்கும்."

"அப்போ அவங்க நைனா? மில்லு ஸ்ட்ரைக்கு?"

"லாரி ஆபீஸ் மொதலாளி. ஸ்ட்ரைக்குன்னு போனது மெய்தான். ஸ்ட்ரைக்கை ஒடைக்க ஆளு ஏத்திகினு போனாரு."

"அந்தக் கால்ல கோளாறு?"

"கால் ஆணி."

கஜபதி ஸ்டூலில் உட்கார்ந்தார். தலையைக் கோதக் கை தானாகப் போனது. கோத ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது. திரையில் வேல் சுற்றிக்கொண்டே இருந்தது. ரத்தினம்மாள் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டிய புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அந்தப் பாவி விசிறியைக் கழட்டிடறேன்னுதான் சொன்னான். ஓட்டிப் பார்க்கச் சொன்னான். ரெண்டையும் நான்தான் வோணாம்னேன்."

"நீ வோணாம்னு சொல்லுவேன்னு நான்தான் அவனுக்குச் சொல்லி அனுப்பினேன்."

அவர் பெட்டியின் மூடியைச் சாத்தினார். பிறகு, கடைசித் தந்திரமாக, கிருத்திகைக் கூட்டத்தை நினைத்துக் கவலைப்படுகிறவர் போலக் கேட்டார்.

"நல்ல கார்டு கையில இருந்தும் கடையை மூடி வெச்சிகினு இருந்தியா? இது எப்போ வந்துது?"

"கார்டு போன வாரமே வந்துடுச்சிய்யா. உன் தலைதான் லேட்டு."